24 வோல்ட் ஷன்ட், 5 வோல்ட் ஆப்-ஆம்ப்: காமன் மோட் வோல்டேஜை எங்கே நிறுத்துவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து ஒரு டிசி மோட்டாருக்குப் போகும் கரண்டை அளக்க வேண்டும், அதிகபட்சம் 10 ஆம்பியர். பேட்டரியின் பிளஸ் வயரில் 10 மில்லிஓம் ஷன்ட் (கரண்டை அளப்பதற்கான மிகச் சிறிய ரெசிஸ்டர்) வைத்து, அதன் இரு முனைகளையும் எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் ஐசிக்குக் கொண்டுபோய், இரண்டு வோல்டேஜின் வித்தியாசத்தைப் பெருக்கும் நான்கு ரெசிஸ்டர் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயராகக் கட்டியிருக்கிறீர்கள். 10 கிலோஓம், 330 கிலோஓம், கெயின் (பெருக்கும் மடங்கு) 33. ஐசிக்கு 5 வோல்ட் சப்ளை. மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அவுட்புட் 3.6 வோல்ட்டிலேயே நிற்கிறது. ஐசியை மாற்றியும் மாற்றமில்லை. காமன் மோட் வோல்டேஜ்தான் காரணம் என்றால் அதை இங்கேயும், பொதுவாக மற்ற ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுகளிலும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

காரணம் அதுதான். ஐசியில் குறை இல்லை, எத்தனை மாற்றினாலும் இதே 3.6 வரும். கட்டுப்படுத்த வழிகள் இருக்கின்றன. ஆனால் அதிகம் பேர் முதலில் சொல்லும் வழி உங்களுக்கு உதவாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கைப் போடாமல் போர்டு அடித்துவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

முதலில் ஐசியின் பின்னில் என்ன வோல்டேஜ் இருக்கிறது என்று பாருங்கள். ஷன்டில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆப்-ஆம்புக்குத் தெரிவது அதன் இரண்டு இன்புட் பின்களில் வருவது மட்டுமே. அந்த இரண்டின் சராசரிதான் காமன் மோட் வோல்டேஜ், அவற்றின் வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய சிக்னல். ஃபீட்பேக் சரியாக வேலை செய்யும்போது இரண்டு பின்களும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் இருக்கும், ஆகவே ஒன்றைக் கணக்கிட்டால் போதும். உங்கள் சர்க்யூட்டில் பிளஸ் பின்னுக்கு 10 கிலோஓம் வழியாகப் பேட்டரி, கிரவுண்டுக்கு 330 கிலோஓம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 28.8 வோல்ட் வரை போகும். 28.8-ஐ 330-ஆல் பெருக்கி 340-ஆல் வகுத்தால் 27.9 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் ஐசியின் பின்னில் 27.9 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது.

எல்எம்358-இன் டேட்டாஷீட்டில் இன்புட் காமன் மோட் எல்லை 0-விலிருந்து சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழே வரை என்று இருக்கும். அதாவது உங்களுக்கு 3.5 வோல்ட். வெப்பநிலை வீச்சு முழுவதற்கும் பார்த்தால் 2 வோல்ட் கீழே, அதாவது 3 வோல்ட்தான் உறுதி. இந்த 1.5 எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் எந்த ஐசியின் டேட்டாஷீட்டையும் படிப்பது சுலபமாகிவிடும். உள்ளே இன்புட் நிலை பிஎன்பி ட்ரான்சிஸ்டர்களால் ஆனது, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பேஸ்-எமிட்டர் சந்திகள். அதற்கும் மேலே சப்ளையோடு ஒட்டி ஒரு கரண்ட் சோர்ஸ். இரண்டு சந்திக்கும் சேர்த்து 1.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், கரண்ட் சோர்ஸ் உயிரோடிருக்க இன்னும் கொஞ்சம். இன்புட் அந்த இடத்தைத் தின்றுவிட்டால் கரண்ட் சோர்ஸ் மூச்சடைத்துப்போகும், இன்புட் ஜோடிக்குக் கரண்டே வராது. அதற்குப் பிறகு பின்களுக்கு நடுவே என்ன வித்தியாசம் இருந்தாலும் அவுட்புட்டுக்குத் தெரியாது. உங்கள் அவுட்புட் மேலே போய் ஒட்டிக்கொண்டது இதனால்தான். அதே பிஎன்பி அமைப்பு கீழ்ப்பக்கம் கிரவுண்டு வரை தாராளமாக வேலை செய்யும். எல்எம்358-ஐ ஒற்றை சப்ளையில் எல்லோரும் விரும்புவதற்கு அதுவே காரணம்.

ஐசி ஏன் எரியவில்லை? எல்எம்358-இன் இன்புட்டில் சப்ளை பக்கம் போகும் டயோடு கிடையாது. சப்ளை எவ்வளவு இருந்தாலும் பின் 32 வோல்ட் வரை தாங்கும். உங்கள் நல்ல நேரம். இதே இடத்தில் எம்சிபி6002 போன்ற சிமாஸ் ஐசியைப் போட்டிருந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு திறந்து, 10 கிலோஓம் வழியாக 2 மில்லியாம்பியருக்கு மேல் உங்கள் 5 வோல்ட் லைனுக்குள்ளேயே பாய்ந்திருக்கும். 5 வோல்ட் லைனில் லோடு குறைவாக இருந்தால் அந்த லைனே மேலே ஏறும், கூடவே மைக்ரோகண்ட்ரோலரும் போகும். வேறு சில ஐசிகள் இன்னொரு விதமாக ஏமாற்றும். பழைய டிஎல்072-இல் இன்புட் கீழ் எல்லைக்குக் கீழே போனால் அவுட்புட் தலைகீழாகி மேல் எல்லைக்குத் தாவும். கண்ட்ரோல் லூப்புக்குள் அப்படி நடந்தால் லூப் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது எல்லோரும் முதலில் சொல்லும் அந்த வழி: "ரெசிஸ்டர்களால் குறைத்துவிடுங்கள்." பின்னில் 3.5 வோல்ட்டுக்கு மேல் வராதபடி டிவைடர் அமைப்பது. 28.8-ஐ 3.5 ஆக்க, கீழ் ரெசிஸ்டருக்கும் மேல் ரெசிஸ்டருக்கும் உள்ள விகிதம் 0.138 அளவில் இருக்க வேண்டும். 100 கிலோஓம், 13.8 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். காமன் மோட் அடங்கிவிட்டது. ஆனால் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயரின் கெயினும் அதே விகிதம்தான், அதுவும் 0.138 ஆகிவிட்டது. 10 ஆம்பியருக்கு ஷன்டில் கிடைக்கும் 100 மில்லிவோல்ட் இப்போது 13.8 மில்லிவோல்ட். "அடுத்த நிலையில் 240 மடங்கு பெருக்கிக்கொள்ளலாம்" என்பார்கள். பெருக்கலாம், ஆனால் சிக்னலோடு குப்பையும் சேர்ந்து பெருகும்.

எவ்வளவு குப்பை? எல்எம்358-இன் ஆஃப்செட், அதாவது சிக்னலே இல்லாதபோதும் இன்புட்டில் இருப்பதுபோல் தோன்றும் வோல்டேஜ், 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். அது 1.138 மடங்காக அவுட்புட்டுக்கு வருகிறது, சிக்னலோ 0.138 மடங்காக வருகிறது. ஷன்டின் கணக்கில் திருப்பிப் பார்த்தால் 7 மில்லிவோல்ட் 58 மில்லிவோல்ட் ஆகிறது. 10 மில்லிஓமில் அது 5.8 ஆம்பியர். மோட்டார் நிற்கும்போதே 5.8 ஆம்பியர் காட்டும்.

ரெசிஸ்டர் பொருத்தம் இதைவிட மோசம். நான்கு ரெசிஸ்டர் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயரில் காமன் மோட் ஒழிவது, மேல் ஜோடி விகிதமும் கீழ் ஜோடி விகிதமும் அச்சாக ஒன்றாக இருந்தால்தான். நான்கும் தத்தம் டாலரன்ஸின் கெட்ட ஓரத்தில் இருந்தால், கெயினோடு 1 கூட்டி, டாலரன்ஸின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பதே அந்தச் சர்க்யூட்டின் சிஎம்ஆர்ஆர், அதாவது காமன் மோடை விடச் சிக்னலை எத்தனை மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது என்ற எண். ஆப்-ஆம்ப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. 1 சதவீத ரெசிஸ்டரும் 0.138 கெயினும் என்றால் 1.138-ஐ 0.04-ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 28. அதாவது 28.8 வோல்ட் காமன் மோட், ஷன்டில் 1 வோல்ட் சிக்னல் இருப்பதுபோல் தோன்றும். 10 மில்லிஓமில் 1 வோல்ட் என்றால் 100 ஆம்பியர்! நீங்கள் அளக்க நினைத்ததே 10 ஆம்பியர்தான். 0.1 சதவீத ரெசிஸ்டர் வாங்கினாலும் பிழை 10 ஆம்பியர் வரை போகலாம். 0.01 சதவீதத்தில்தான் 1 ஆம்பியருக்கு இறங்கும்.

ட்ரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். அறையில் சரிசெய்வீர்கள், பிறகு மோட்டார் பெட்டிக்குள் வெப்பம் 30 டிகிரி கூடும். சாதாரண ரெசிஸ்டர் டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) நகரும். ஒரே ஒரு ரெசிஸ்டர் மற்றவற்றிலிருந்து 0.3 சதவீதம் விலகினாலே 7 ஆம்பியருக்கு மேல் பிழை. அதுவும் பேட்டரி 22-க்கு இறங்கி 28.8-க்கு ஏறும்போது அந்தப் பிழையும் கூடவே ஏறி இறங்கும். காமன் மோட் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் அதன் பிழை ஒரு நிலையான ஆஃப்செட் மட்டும்தான், மென்பொருளில் கழித்துவிடலாம். அசையும்போதுதான் அது சிக்னலாக வேஷம் போடுகிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் வழிகள் எல்லாம் இதைச் சுற்றியே வருகின்றன.

ரெசிஸ்டரால் குறைக்கும் வழி எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஐஎன்ஏ117 அதைத்தான் செய்கிறது. 380 கிலோஓம் ரெசிஸ்டர்களால் காமன் மோடை 20-இல் ஒரு பங்காக்கி, பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளையில் பிளஸ் மைனஸ் 200 வோல்ட் வரை தாங்குகிறது. மைனஸ் பின்னிலிருந்தும் ஒரு ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டிருப்பதால் கெயின் 1-ஆகவே இருக்கும், குறையாது. ஆனால் அதன் ரெசிஸ்டர்கள் ஒரே சில்லில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, தொழிற்சாலையில் லேசரால் செதுக்கிப் பொருத்தப்பட்டவை. சூடானாலும் சேர்ந்தே நகரும். கடையில் தனித்தனியாக வாங்கிய நான்கு ரெசிஸ்டரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அந்த ஐசியிலும் ஆப்-ஆம்பின் ஆஃப்செட்டும் நாய்ஸும் 20 மடங்குக்குப் பெருகித்தான் வரும். 200 வோல்ட் லைனில் சில வோல்ட் சிக்னலைப் பார்க்கச் சரி, 100 மில்லிவோல்ட் ஷன்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு உதவும் வழிகளுக்கு வருவோம். மிக எளியது ஷன்டைக் கிரவுண்டு பக்கம் மாற்றுவது. மோட்டாரின் மைனஸ் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வைத்தால் காமன் மோட் 0-விலிருந்து 0.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். எல்எம்358-க்கு அது சொந்த வீடு. டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயரும் அதே கெயின் 33-இல் அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் போர்டின் கிரவுண்டும் ஷன்டின் கீழ் முனையும் பேச்சுக்குத்தான் ஒன்று, 10 ஆம்பியர் ஓடும்போது நடுவில் இருக்கும் செம்பில் சில மில்லிவோல்ட் இருக்கும். ஷன்டின் இரண்டு முனையிலிருந்தும் தனி வயர் எடுத்து வாருங்கள். 7 மில்லிவோல்ட் ஆஃப்செட் இங்கே 0.7 ஆம்பியர் பிழைதான், மோட்டார் நிற்கும்போது ஒருமுறை அளந்து கழிக்க முடியும். ஆஃப்செட் எதிர்ப்பக்கம் இருந்தால் அவுட்புட் 0-விலேயே நின்றுவிடும் என்பதால் ரெஃபரன்ஸை, அதாவது பிளஸ் பின்னின் 330 கிலோஓம் கிரவுண்டுக்குப் போகும் முனையை, 0.3 வோல்ட் போலக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். அந்த 0.3 வோல்ட்டுக்கும் அவுட்புட்டில் இடம் வேண்டும், கெயினை அதற்கேற்பச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. மோட்டாரின் மைனஸ் இனி நிஜக் கிரவுண்டு இல்லை. மோட்டார் உடம்பு எங்கேயாவது சேசிஸைத் தொட்டால் கரண்ட் ஷன்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிளஸ் வயர் சேசிஸில் ஷார்ட் ஆனாலும் ஷன்ட் எதையும் காட்டாது. வண்டியிலும் பம்பிலும் பிளஸ் பக்கம் ஷன்ட் வைப்பது இதற்காகத்தான். நீங்கள் பிளஸ் பக்கம் வைத்த காரணமும் அதுவானால், அடுத்த வழியைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

காமன் மோட் வோல்டேஜை நாம் வழக்கமாகக் கிரவுண்டிலிருந்து அளக்கிறோம். ஆப்-ஆம்போ தன் சப்ளை பின்களிலிருந்து அளக்கிறது. அப்படியானால் இன்புட்டைக் கீழே இறக்குவதற்குப் பதில் ஐசியை மேலே ஏற்றலாம். ஆப்-ஆம்பின் சப்ளையைப் பேட்டரியின் பிளஸிலிருந்தே கொடுங்கள். இப்போது இன்புட் எப்போதும் சப்ளையின் மேல் லைனிலிருந்து 0 முதல் 0.1 வோல்ட் கீழே. பேட்டரி 22 ஆனாலும் 28.8 ஆனாலும் அந்தத் தூரம் மாறாது. இதற்கு மேல் லைன் வரை இன்புட் எடுக்கும் ஐசி வேண்டும். எல்எம்358 உதவாது. டிஎல்071 உதவும், அதன் காமன் மோட் எல்லை மேல் சப்ளையை உள்ளடக்கியது என்று டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். ஜேஃபெட் இன்புட்டின் அமைப்பு அப்படி, கீழேதான் அதற்கு இடம் பற்றாது.

கட்டும் விதம் இது. பேட்டரி பக்க ஷன்ட் முனையிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் மறுமுனை ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கு. அதே சோர்ஸ் புள்ளி ஆப்-ஆம்பின் மைனஸ் பின்னுக்கு. பிளஸ் பின் ஷன்டின் மோட்டார் பக்க முனைக்கு. ஆப்-ஆம்பின் அவுட்புட் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. ட்ரெயினிலிருந்து 3.3 கிலோஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. ஷன்டில் 100 மில்லிவோல்ட் விழுந்தால், ஆப்-ஆம்ப் சோர்ஸ் புள்ளியையும் அதே அளவுக்கு இறக்கும், 100 ஓமில் 1 மில்லியாம்பியர் ஓடும். அந்த 1 மில்லியாம்பியருக்கு மாஸ்ஃபெட்டைத் தவிர வேறு வழி இல்லை. கீழே 3.3 கிலோஓமில் அது 3.3 வோல்ட் ஆகிறது. 28 வோல்ட்டில் மிதந்துகொண்டிருந்த சிக்னல் கரண்டாக மாறிக் கிரவுண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கேயும் ரெசிஸ்டர் ஜோடிகளைப் பொருத்த வேண்டியதில்லை, 1 சதவீத ரெசிஸ்டர் 1 சதவீத அளவிலேயே கெயின் பிழை தரும், அவ்வளவுதான்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். டிஎல்071-இன் அவுட்புட் மேல் லைன் வரை போகாது, ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். ஆகவே 2 வோல்ட்டுக்கு மேல் த்ரெஷோல்டு (நடத்தத் தொடங்கும் கேட்-சோர்ஸ் வோல்டேஜ்) உள்ள மாஸ்ஃபெட்டை எடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் இல்லாதபோதும் அது அணையாது. இன்னொன்று, ஸ்விட்ச் போடும் நேரத்தில் அவுட்புட் அடிமட்டத்துக்குப் போனால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 26, 27 வோல்ட் வந்துவிடும். பெரும்பாலான சின்ன மாஸ்ஃபெட்டுகளுக்கு 20 வோல்ட்தான் எல்லை. கேட்டுக்கு ஒரு சீரியஸ் ரெசிஸ்டரும், கேட்-சோர்ஸ் நடுவே 12 வோல்ட் ஜீனரும் போடுங்கள். டிஎல்071-இன் ஆஃப்செட் 10 மில்லிவோல்ட் வரை இருக்கலாம், அது 1 ஆம்பியர் பிழை. ஆஃப்செட்டின் திசை சாதகமாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம், எதிர்த்திசையில் இருந்தால் முதல் 1 ஆம்பியர் வரை அவுட்புட் 0-வாகவே இருக்கும். துல்லியம் வேண்டுமென்றால் இதே அமைப்பை ஒரே ஐசியில் அடக்கிய எல்டிசி6101, ஐஎன்ஏ169 போன்றவை இருக்கின்றன. இரண்டுமே 60 வோல்ட் வரை தாங்கும்.

தயாராகக் கிடைக்கும் கரண்ட் சென்ஸ் ஐசியை வாங்கும்போது எல்லையைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஐஎன்ஏ180 மலிவு, ஆனால் அதன் காமன் மோட் எல்லை 26 வோல்ட். 24 வோல்ட் பேட்டரி என்று பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டால், சார்ஜ் ஏறி 28.8 ஆகும்போது எல்லை தாண்டிவிடும். ஐஎன்ஏ226 36 வோல்ட் வரை. ஐஎன்ஏ240 மைனஸ் 4-இலிருந்து 80 வோல்ட் வரை. அந்த மைனஸ் 4 அலங்காரத்துக்கு இல்லை. மோட்டாரை பிடபிள்யூஎம் முறையில், அதாவது சப்ளையை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்து, ஓட்டும்போது, டயோடு நடத்தும் நேரத்தில் மோட்டார் வயர் கிரவுண்டுக்குக் கீழே போகும், அதற்காக வைத்தது.

பிடபிள்யூஎம் என்று வந்துவிட்டதால்: ஷன்டைப் பேட்டரிக்கும் டிரைவருக்கும் நடுவில் வைத்தால் காமன் மோட் கிட்டத்தட்ட அசையாது. டிரைவருக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைத்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் 0-வுக்கும் 24-க்கும் நடுவே குதிக்கும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் போடும் சிஎம்ஆர்ஆர் டிசியில் அளந்தது. அதிர்வெண் கூடக்கூட அது சரியும். ஐஎன்ஏ240-க்கே டிசியில் 132 டெசிபெல், 50 கிலோஹெர்ட்ஸில் 93. இது அந்த வேலைக்கென்றே செய்த ஐசி. சாதாரண ஆப்-ஆம்பில் 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்மின் கூரான விளிம்பு அப்படியே அவுட்புட்டில் தெரியும். அதை வடிகட்ட இரண்டு இன்புட்டிலும் ரெசிஸ்டரும் கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டரும் போடுவார்கள். அந்த இரண்டு கெப்பாசிட்டரும் 10 சதவீதம் வேறுபட்டால் காமன் மோடே சிக்னலாக மாறிவிடும். இரண்டு இன்புட்டுக்கும் குறுக்கே, அவற்றைப்போல் 10 மடங்கு மதிப்புள்ள கெப்பாசிட்டரை வைத்தால் அந்தப் பொருத்தமின்மை அமுங்கிவிடும்.

உங்கள் கேள்விக்கு இதுவரை போதும். ஆனால் தலைப்பைப் பொதுவாகவும் கேட்டிருப்பதால், இதே தலைவலி வேறு சர்க்யூட்டுகளில் எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்க்யூட் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே காமன் மோடை நாம் முடிவு செய்துவிடுகிறோம். சிக்னலைத் தலைகீழாக்கும் இன்வர்ட்டிங் அமைப்பில் பிளஸ் பின் ஒரு நிலையான வோல்டேஜில் கட்டப்பட்டிருக்கிறது, மைனஸ் பின் அதைப் பின்தொடர்கிறது. இன்புட் எவ்வளவு ஆடினாலும் காமன் மோட் அசையாது. நான்-இன்வர்ட்டிங்கில் காமன் மோடே இன்புட்தான், சிக்னலைப் பெருக்காமல் அப்படியே கடத்தும் பஃபரில் முழு வீச்சும் பின்னில் தெரியும். ஆடியோவிலும் துல்லிய அளவீட்டிலும் வாய்ப்பிருந்தால் இன்வர்ட்டிங் பக்கம் சாய்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

சப்ளையின் இரு எல்லை வரைக்கும் இன்புட் எடுக்கும் ரெயில்-டு-ரெயில் இன்புட் ஐசி போட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டு இன்புட் ஜோடிகள் இருக்கும், ஒன்று கீழ்ப்பகுதியைப் பார்க்கும், மற்றது மேல்பகுதியை. எம்சிபி6002-இல் சப்ளைக்கு ஏறத்தாழ 1.1 வோல்ட் கீழே பொறுப்பு கைமாறும். இரண்டு ஜோடியின் ஆஃப்செட்டும் வேறு வேறு. 5 வோல்ட்டில் பஃபராக ஓடும்போது சிக்னல் 3.9 வோல்ட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் படி விழும். வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி 10 பிட் என்றால் அதற்கு அது தெரியாது, 16 பிட் ஏடிசிக்கு நன்றாகத் தெரியும். ஓபிஏ365 இதைத் தவிர்க்க உள்ளேயே ஒரு சார்ஜ் பம்ப் வைத்து, ஒரே ஜோடிக்குச் சப்ளையை விட உயர்ந்த வோல்டேஜ் கொடுக்கிறது. மேலே நாம் செய்த அதே வேலைதான், ஐசியின் மேல் லைனை உயர்த்துவது.

ஒற்றை சப்ளையில் பாதி வோல்டேஜை ரெஃபரன்ஸாக எடுக்கும்போது நடப்பதையும் கவனியுங்கள். நான்கும் 10 கிலோஓம் ஆன டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயரின் ரெஃபரன்ஸ் காலை, இரண்டு 10 கிலோஓம் டிவைடரின் நடுப்புள்ளியில் நேராகக் கட்டிவிடுவார்கள். டிவைடரின் உள்தடை 5 கிலோஓம். அந்தக் கால் இனி 15 கிலோஓம். காமன் மோடில் 1 வோல்ட் அசைந்தால் அவுட்புட் 0.2 வோல்ட் அசையும். 0.1 சதவீத ரெசிஸ்டருக்குக் கொடுத்த காசு அத்தனையும் வீண். நடுவில் ஒரு பஃபர் ஆப்-ஆம்ப் போதும், எல்எம்358-இல் இரண்டாவது பாதி சும்மாதானே இருக்கிறது. இன்னொன்றும்: எல்எம்358-க்கு 5 வோல்ட்டில் சரியான நடுப்புள்ளி 2.5 இல்லை. இன்புட்டும் அவுட்புட்டும் ஏறத்தாழ 3.5-ஐத் தாண்டாது என்பதால் 1.75-இல் வைத்தால்தான் இருபுறமும் சம இடம் கிடைக்கும்.

சின்ன வித்தியாசத்தைத் துல்லியமாகப் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரில் ஒளிந்திருக்கும் பொறி இவை எல்லாவற்றையும்விட மோசமானது, ஏனென்றால் அவுட்புட்டைப் பார்த்தால் சந்தேகமே வராது. மூன்று ஆப்-ஆம்ப் அமைப்பில் முதல் நிலையின் இரண்டு அவுட்புட்டுகள், காமன் மோடிலிருந்து மேலும் கீழும், பெருக்கிய சிக்னலின் பாதி தூரம் போக வேண்டும். கிரவுண்டு பக்க ஷன்டில் 40 மில்லிவோல்ட், கெயின் 100, சப்ளை 5 வோல்ட் என்று எடுங்கள். காமன் மோட் 0.02 வோல்ட். உள்ளே ஒரு அவுட்புட் மேலே 2.02 வோல்ட், மற்றது கீழே மைனஸ் 1.98 போக வேண்டும். போக முடியாது, 0-விலேயே நின்றுவிடும். வெளியே 4 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைவாக, பார்க்க நியாயமான ஒரு எண் வரும். எங்கேயும் சப்ளையை முட்டிய அடையாளம் இருக்காது. டேட்டாஷீட்டில் காமன் மோடையும் அவுட்புட்டையும் இரண்டு அச்சில் போட்டு வைரம் போன்ற ஒரு படம் கொடுப்பார்கள், உங்கள் புள்ளி அதற்குள் விழுகிறதா என்று பார்க்காமல் கெயின் ரெசிஸ்டரை முடிவு செய்யாதீர்கள். தெர்மோகப்பிள் போல எதிலும் ஒட்டாமல் மிதக்கும் சென்சாராக இருந்தால், பயாஸ் கரண்ட் (இன்புட் பின்களில் ஓடும் சிறு கரண்ட்) திரும்பிப் போக ஒரு ரெசிஸ்டர் பாதை கொடுங்கள். இல்லாவிட்டால் காமன் மோட் தானாக நகர்ந்து ஏதாவது ஒரு எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காமன் மோடைச் சும்மா தாங்கிக்கொள்ளாமல், லூப் போட்டு அடக்கும் வழியும் இருக்கிறது. ஈசிஜியில் 1 மில்லிவோல்ட் அளவிலான இதயச் சிக்னலோடு, உடம்பு முழுவதும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஏறியிருக்கும். எலக்ட்ரோடுகளின் தடை ஒன்றுபோல் இருக்காது என்பதால் அந்த 50 ஹெர்ட்ஸில் ஒரு பங்கு சிக்னலாக மாறும், ஆம்ப்ளிஃபயரின் சிஎம்ஆர்ஆர் எவ்வளவு உயர்ந்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே இரண்டு இன்புட்டின் சராசரியை எடுத்து, தலைகீழாக்கிப் பெருக்கி, பாதுகாப்புக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக வலது காலுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். உடம்பின் காமன் மோடே சுருங்கிவிடுகிறது. விண்டரும் வெப்ஸ்டரும் 1983-இல் இதன் வடிவமைப்பு கணக்குகளை விரிவாக எழுதினார்கள். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் என்பதே உடம்பின் சின்ன மின்சிக்னல்களைப் பார்க்க 1930-களில் உருவானது, 1934-இல் மேத்யூஸ் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் அந்த வழியில் வந்ததுதான்.

முழு டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர்களிலும் இதே எண்ணம் வேறு உருவில் இருக்கிறது. இரண்டு அவுட்புட்டின் சராசரியை உள்ளே ஒரு தனி லூப் கவனித்துக்கொண்டே இருக்கும், விஓசிஎம் என்ற பின்னில் நீங்கள் கொடுக்கும் வோல்டேஜில் அதை நிறுத்தும். ஏடிசி கேட்கும் நடுவோல்டேஜை அங்கே கொடுத்தால் போதும். ஆனால் இன்புட் பின்னில் வரும் காமன் மோட், மூலத்தின் காமன் மோடும் அவுட்புட்டின் காமன் மோடும் ரெசிஸ்டர் விகிதத்தில் கலந்தது. கெயின் 1, விஓசிஎம் 2.5, மூலம் கிரவுண்டைச் சுற்றி ஆடுகிறது என்றால் பின்னில் 1.25 வோல்ட். அது ஐசியின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் போர்டுக்குத் திரும்பினால், நான் செய்யச் சொல்வது இது. சேசிஸ் ஷார்ட் பயம் இல்லையென்றால் ஷன்டைக் கிரவுண்டு பக்கம் மாற்றுங்கள், இப்போதிருக்கும் ஐசியும் ரெசிஸ்டர்களும் கிட்டத்தட்ட அப்படியே பயன்படும். பிளஸ் பக்கமே வேண்டும் என்றால் ஐஎன்ஏ240-இன் 20 மடங்கு வகையைப் போடுங்கள், 10 ஆம்பியருக்கு 2 வோல்ட் வரும், உங்கள் ஏடிசிக்கு அது போதும். பாகம் கிடைக்கவில்லை அல்லது கட்டிப் பார்த்துக் கற்க ஆசை என்றால் டிஎல்071, மாஸ்ஃபெட் வழி.

பிளஸ் பக்கம் எதைக் கட்டினாலும், மோட்டாரை இணைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஷன்டிலிருந்து வரும் இரண்டு சென்ஸ் வயர்களையும் ஒன்றாக முறுக்கி, பேட்டரிக்குப் பதில் பெஞ்ச் சப்ளையின் பிளஸில் இணையுங்கள். சிக்னல் இப்போது 0, காமன் மோட் மட்டும்தான் இருக்கிறது. மாஸ்ஃபெட் வழியென்றால் ஆப்-ஆம்பின் சப்ளையும் அந்தப் பிளஸிலிருந்தே வர வேண்டும். சப்ளையை 20-இலிருந்து 29 வோல்ட் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே அவுட்புட்டைப் பாருங்கள். 10 ஆம்பியருக்கு 3.3 வோல்ட் என்ற அளவில், 33 மில்லிவோல்ட் நகர்ந்தால் 0.1 ஆம்பியர் பிழை. நான்கு ரெசிஸ்டர் வழியில் இருந்தால் இந்த நேரத்திலேயே ஐசியின் இன்புட் பின்களில் மல்டிமீட்டரை வைத்து, 29 வோல்ட்டிலும் அவை டேட்டாஷீட் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிதாக நகர்ந்தால் அளந்த எண்களோடும் ரெசிஸ்டர் மதிப்புகளோடும் எழுதுங்கள், எந்த இடத்தில் தப்புகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.